கையை எடுத்தால் மூடிக்கொள்ளும் வால்வு

1

இந்தத் தவக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என் பாவங்களை விசாரித்தார்கள். ஒன்று பிரிட்டிஷ் அரசாங்கம். இன்னொன்று என் மகள் மெர்லின், வயது எட்டு.

அரசாங்கம் படிவம் அனுப்பிக் கேட்டது. ராயபுரத்தை விட்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகிறது. என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்குத்தான் வேலை கிடைத்தது. நான் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே விமானம் ஏறியவன். இப்போது குடியுரிமைக்கு எழுதிப் போடலாம் என்று ஆகிவிட்டது. பிறந்த ஊர், அப்பா பெயர், இதுவரை குடியிருந்த வீடுகளின் முகவரி என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்ததை எல்லாம் ஸ்டெல்லா சமையலறை மேசையில் உட்கார்ந்து மளமளவென்று நிரப்பிவிட்டாள். கடைசிப் பக்கங்களில் நல்நடத்தை என்று ஒரு பகுதி. போலீஸ் கேஸ் உண்டா, தண்டனை உண்டா, யாரையாவது கொன்றது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே வந்தேன். முடிவில் ஒரு கேள்வி. இவர் நல்ல நடத்தை உள்ளவர்தானா என்று சந்தேகப்பட வைக்கக்கூடிய வேறு எதையாவது நீங்கள் செய்தது உண்டா?

அங்கே வந்து பேனா நின்றுவிட்டது.

"இன்னாத்துக்கு யோசிச்சிகினு கீற? இல்லன்னு போடு" என்றாள் ஸ்டெல்லா. வெளியே அவள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டால் நீங்கள் அசந்துபோவீர்கள். வீட்டுக்குள் வந்தால் இன்னும் காசிமேடுதான்.

மெர்லின் கேட்டது இரண்டு நாள் கழித்து. அவள் படிப்பது கத்தோலிக்கப் பள்ளி. அந்த வகுப்புப் பிள்ளைகள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் முதல் பாவசங்கீர்த்தனம் வருகிறது. டீச்சர் ஒரு தாள் கொடுத்து, செய்த பாவங்களை யோசித்து வரச் சொல்லியிருக்கிறார். தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "டாடி, நான் யோசிச்சிப் பார்த்தேன். என்கிட்ட எதுவும் இல்லை" என்றாள், இங்கிலீஷில். தமிழில் சொல்லச் சொன்னால் "எனக்குப் பாவம் வரலை" என்றாள், காய்ச்சல் வரவில்லை என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியில் அது நின்றுபோனது.

"உங்ககிட்ட இருக்கிறதிலேயே பெரிசு எது, டாடி? அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

2

அதைச் சொல்வதற்கு, தொண்ணூற்றொன்பதாம் வருடத்துக் காசிமேட்டுக்குப் போக வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வரிசையாக இருந்த ஐஸ் கம்பெனிகளில் ஒன்றில் நான் ஆபரேட்டர். போட்டுகளுக்கு வேண்டிய ஐஸ்கட்டியை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் தகரக் கேன்களை இறக்கிச் செய்வார்கள். அந்தத் தண்ணீரைக் குளிர வைப்பது அமோனியா. மெஷின், குழாய், வால்வு எல்லாம் என் பொறுப்பு. கேன் தூக்குகிற ஹெல்பர்களில் ஒருவன் கௌதமன். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் குடியிருந்தான். அவன் அப்பா காலத்திலேயே புத்த மதத்துக்குப் போன குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, விகாரைக்குப் போவான். கொல்லமாட்டேன், திருடமாட்டேன், தப்புத்தண்டாவுக்குப் போகமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், குடிக்கமாட்டேன் என்று அங்கே ஐந்து உறுதி சொல்லிவிட்டு வருவான். ஐஸ் கம்பெனியில் குடிக்காத ஹெல்பர் அவன் ஒருத்தன்தான். அதற்காகவே மற்றவர்கள் அவனைக் கேலி செய்வார்கள்.

அந்த வருடம் சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு நான் வேலைக்கு வந்ததைப் பார்த்து அவன்தான் ஆரம்பித்தான்.

"இன்னா மாமு, மண்ட மேல இன்னாது?"

நாமெல்லாம் பாவிகள், அதை நினைத்துக்கொள்ளத்தான் இது என்றேன். ஞானோபதேச வகுப்பில் படித்ததை வைத்து ஜென்மப் பாவத்தையும் விளக்கினேன். ஆதாமும் ஏவாளும் செய்தது நம்மோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, பிறக்கிற குழந்தைக்கும் அது உண்டு, ஞானஸ்நானத்தில்தான் கழுவப்படுகிறது என்று.

அவன் கேன் தூக்கும் கொக்கியைக் கீழே வைத்தான். "பொறக்கும்போதே அழுக்குன்னு எங்களுக்கு ஏற்கெனவே ஊரே சொல்லிகினு இருந்துச்சு. அத்த வுட்டு வெளிய வரத்தான் எங்க நைனா அந்தாண்ட போனாரு. நீ இன்னாடான்னா ஊர்ல கீற அத்தினி பேரையும் அழுக்குன்ற. ஒரு வகையில நல்லதுதான் மாமு, நீயும் வந்து கூட நின்னுகினியே."

"அப்ப மனுசன் தப்பே செய்யமாட்டான்றியா?"

"செய்வான். செஞ்சா அது அவனுது. ஆதாமுதும் கெடியாது, ஆயாதும் கெடியாது. ஆரும் வந்து கழுவவும் முடியாது."

இந்த விவாதம் தவக்காலம் முழுக்க நடந்தது. டீ குடிக்கும்போது நடந்தது, கேன் இறக்கும்போது நடந்தது. எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. அவனை ஜெயிக்க வேண்டும் என்று நான் பங்குச் சாமியாரிடம்கூடச் சந்தேகம் கேட்டு வந்திருக்கிறேன்.

பெரிய வியாழன் வந்தது. எங்கள் பக்கத்தில் புனித வெள்ளிக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். வருடம் முழுக்கக் கோயில் வாசலை மிதிக்காதவன்கூட அன்றைக்கு வரிசையில் நிற்பான். செய்யாவிட்டால் வீட்டில் அம்மா சோறு போடமாட்டார். சாயங்காலப் பூசைக்கு முன்னால் நாலு மணிக்குச் சாமியார்கள் பாவசங்கீர்த்தனக் கூண்டிலிருந்து எழுந்துவிடுவார்கள். எனக்கோ அன்று மெஷினில் ஆயில் எடுக்கும் நாள்.

ஆயில் எடுப்பது என்றால், கம்ப்ரஸரிலிருந்து அமோனியாவோடு சேர்ந்து போகும் எண்ணெய், அமோனியா இருக்கும் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். கீழே இருக்கும் வால்வை லேசாகத் திறந்து அதை ஒரு வாளியில் வடிக்க வேண்டும். எண்ணெய் கெட்டியாக, மெதுவாக வரும். அது தீர்ந்த அடுத்த நொடி அமோனியா சீறிக்கொண்டு வரும். அதனால் வால்வைத் திறந்தவன் அதன் மேலிருந்து கையை எடுக்கக் கூடாது. தொழிலில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது இதுதான். ஆனால் முக்கால் மணி நேரம் ஒரு குழாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை? எல்லா ஆபரேட்டரும் திறந்துவிட்டு டீக்கடைக்குப் போய்வருவார்கள். நானும் போயிருக்கிறேன். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை.

மூன்று மணிக்கு வால்வைத் திறந்தேன். மணியைப் பார்த்தேன். கோயில் சைக்கிளில் பத்து நிமிடம். யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

வரிசை நீளம். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று என் பாவங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. அம்மாவிடம் கத்தினேன். கெட்ட வார்த்தை பேசினேன், எண்ணிக்கை தெரியாது. இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது அங்கே பாத்திரத்தில் எண்ணெய் தீர்ந்துபோனது.

பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு நான் உண்மையாகவே மனசு லேசாகித் திரும்பினேன். கம்பெனித் தெருமுனையிலேயே கண் எரிந்தது.

3

உள்ளே ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். ஆறு பேர் வெளியே ஓடினார்கள். கௌதமன் ஒரு சாக்கைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். தடவித் தடவி வால்வை மூடினான். மூடும்போது சாக்கு நழுவியிருக்கிறது. இடது கண் அன்றோடு போனது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம்.

கண்ணாஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் போனேன். ஈஸ்டர் ஞாயிறு அது. இரண்டு கண்ணிலும் கட்டு. கட்டில் ஓரத்தில் அவன் மகள் மித்ரா, ஏழு வயது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சேவியரா? எங்க போயிருந்த அன்னிக்கி?"

"கோயிலுக்கு."

"பாவத்த சொல்லவா?"

அவன் கட்டுக்குக் கீழே வாய் மட்டும் சிரித்தது. "சாமியாரு மன்னிச்சிட்டாரா?"

இதுவரை சொன்னதில் நான் செய்ததை ஒரு கவனக்குறைவு என்று நீங்கள் விட்டுவிடலாம். எல்லா ஆபரேட்டரும் செய்வது, என் நேரம் கெட்டது என்று. அதைச் சொல்லித்தான் நானும் பல வருடம் தூங்கினேன். அதற்கு அடுத்து நடந்தது கவனக்குறைவு இல்லை.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். அவர் வருவதற்கு முன்பே முதலாளி எழுதி வைத்துவிட்டார். ஹெல்பர் குடித்துவிட்டு வந்து, தன் வேலையில்லாத வால்வைத் திறந்துவிட்டான் என்று. ஆபரேட்டர் திறந்து போட்டுவிட்டுப் போனான் என்று எழுதினால் கம்பெனி மேல் கேஸ் வரும், என் மேலும் வரும். ஆபீஸ் ரூமில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி காகிதத்தைப் பார்த்தபடியே என்னைக் கேட்டார், "அந்த ஆளு குடிச்சிருந்தானாமே, அப்படியா?"

அவர் கேள்வியை முடிக்கும் முன்பே நான் தலையாட்டிவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தைகூட முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. யோசித்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி நடந்திருக்கும் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. கழுத்து தானாக அசைந்தது.

கௌதமனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடித்துவிட்டு வந்தவனுக்கு நஷ்ட ஈடும் கிடையாது என்றார்கள். அவன் ஒரு நாள் கறுப்புக் கண்ணாடியோடு கம்பெனி கேட்டுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கம்ப்ரஸர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மெஷின் சத்தத்தில் அவன் குரல் கேட்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம். சில வருடம் கழித்து, இங்கே வருவதற்காக முதலாளியிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டேன். சந்தோஷமாகக் கொடுத்தார். அதன் கடைசி வரி, நடத்தை: மிக நன்று. அதைக் காட்டித்தான் இந்த ஊரில் மீன் கிடங்கில் வேலை வாங்கினேன். இன்றும் பாஸ்போர்ட்டோடு அதே ஃபைலில் இருக்கிறது.

4

சாமியார்கள் மேல் பழி போட எனக்கு வாய் இல்லை. அடுத்த தவக்காலத்தில் இதை என் பங்குச் சாமியாரிடம் முழுசாகச் சொன்னேன். வயசானவர். "ஜெபமாலை சொல்லு. ஆனா அது போதாது. அந்த ஆளு வீட்டுக்குப் போ. போயி உண்மையைச் சொல்லு" என்றார். ஜெபமாலை சொன்னேன். வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் திருவொற்றியூரில் வேறு கோயிலுக்குப் போய்ச் சொன்னேன். என்னை அறியாத இளம் சாமியார். அவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது வருடம் அந்தப் பாவத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னேன்.

இங்கே வந்த பிறகு வேறொரு மொழி கிடைத்தது. என் மீன் கிடங்கிலும் அமோனியாதான், ஆனால் மெஷின் அறை ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். முதல் வாரம் டெரிக் என்கிற மூத்த இன்ஜினியர் எனக்குச் சுற்றிக் காட்டினான். ஆயில் எடுக்கும் இடத்தில் ஒரு வால்வு இருந்தது. அதன் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் திறக்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துத் தானே மூடிக்கொள்ளும். "ஏன் இப்படி?" என்று கேட்டேன், தெரியாதவன்போல.

"ஆள் போய்விடுவான், அதனால்தான்" என்றான் டெரிக். "எல்லோரும் போவார்கள். டீ குடிக்கப் போவார்கள், ஒன்றுக்குப் போவார்கள்."

பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள் என்று நான் சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த வால்வைச் செய்தவன் யாரோ, மனிதனை நன்றாகத் தெரிந்தவன். திட்டவில்லை, நரகம் என்று பயமுறுத்தவில்லை. இவன் கையை எடுப்பான் என்று முடிவு கட்டி ஸ்பிரிங் வைத்துவிட்டான். வருடா வருடம் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார்கள். அங்கே குற்றம், பழி என்ற வார்த்தைகளே வராது. மனிதத் தவறு என்பார்கள். எந்த ஏற்பாட்டில் ஓட்டை என்று பார், ஆளைத் தேடாதே என்பார்கள். முதல் வருடம் அந்த வகுப்பில் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் இது தெரியாமல் பாவி பாவி என்று மார்பில் அடித்துக்கொண்டோமே என்று தோன்றியது.

ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. வால்வுக்கு ஸ்பிரிங் வைக்கலாம். என் கழுத்துக்கு எங்கே வைப்பது? டெரிக்கின் பாடத்தில் நான் மூன்று மணிக்குச் செய்ததற்கு இடம் இருக்கிறது. ஆபீஸ் ரூமில் செய்ததற்கு இல்லை. அது ஓட்டை இல்லை, சோர்வு இல்லை, தெரியாமை இல்லை. நண்பனின் பெயரில் சேறு பூசினால் நான் தப்பிக்கலாம் என்று என்னுள் ஏதோ ஒன்று எனக்கும் முன்னால் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அப்படியானால் ஞானோபதேசம் சொன்னதுதான் சரியா, அது பிறவியிலேயே உள்ளே இருக்கிறதா? இருக்கலாம் என்றுதான் பல நாள் தோன்றுகிறது. ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றும். சாக்கை நனைத்துக்கொண்டு உள்ளே ஓடினானே, அவனும் யோசிக்கவில்லையே. அவன் காலும் தானாகத்தானே ஓடியது. எல்லோருக்கும் ஒரே அழுக்கு என்றால் அன்று அந்த ஒரு கட்டடத்துக்குள் அவன் எங்கிருந்து வந்தான்?

ஒன்று மட்டும் தெரியும். மனிதன் என்றாலே பாவிதான் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. எல்லோரும் அப்படித்தான் என்றால் நான் மட்டும் என்ன.

5

படிவத்தைச் சரிபார்த்து அனுப்ப இங்கே கவுன்சில் ஆபீஸில் ஆள் வைத்திருக்கிறார்கள். ஸ்டெல்லாவுக்கு டியூட்டி, நான் மட்டும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய அம்மாள். பக்கம் பக்கமாகப் புரட்டியவர், கடைசிக் கேள்விக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "யாருக்கும் தெரியாத விஷயம் என்றால் அதையும் எழுத வேண்டுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போலீஸ் தேடுகிறதா, கண்ணு?" இந்த ஊரில் பஸ் டிரைவர்கூட எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இல்லை."

"கோர்ட்?"

"இல்லை. ஒரு ஆள் குடித்திருந்தான் என்று சொன்னேன். அவன் குடித்திருக்கவில்லை."

அம்மாள் சிரித்துவிட்டார். "அட, அதற்கெல்லாம் அங்கே இடம் இல்லை" என்று அவரே பென்சிலால் 'இல்லை'யைச் சுட்டிக் காட்டினார். குறித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து முன்னே வந்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு மனிதரிடம் நான் அதைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூண்டுக்குள் சொன்னதெல்லாம் சேர்த்தி இல்லை. அவருக்கு அது தமாஷாகப் போனது.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, அவளும் குடிகாரன் கதையைத்தான் நம்பியிருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கேட்டாள்.

"இத்தினி வருசம் என் பக்கத்துல படுத்துகினு இத்த உள்ளயே வெச்சிருந்தியா?" என்றாள். அப்புறம், "படிவத்த அனுப்பிட்டல்ல?" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளை இருக்கிறது.

6

கௌதமனின் நம்பரைக் காசிமேட்டில் இருக்கும் என் சித்தப்பா பையன் விசாரித்துக் கொடுத்தான். குடும்பம் இப்போது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம். மாத்தூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம், அங்கே சாயங்காலம் ஏழரை இருக்கும், கடையில் வாங்கிய டெலிபோன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டேன்.

"ஆரு?"

"சேவியர்."

குப்பைமேட்டுப் புகையில் இருமுகிற இருமல் ஒன்று கேட்டது. பிறகு, "சொல்லு மாமு. சீமையில எப்படி கீது?" என்றான், நேற்று பார்த்தவன் மாதிரி.

நான் எழுதி வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். மன்னிச்சிக்கோ என்று மூன்று நான்கு தடவை சொல்லியிருப்பேன். அவன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டான், "உன் பொண்ணுக்கு இன்னா வயசு?"

"எட்டு."

"என் பொண்ணு பிளஸ் ஒன் பட்ச்சிகினு கீது. கண்ணு போனதப் பத்தி எனக்குப் பேஜாரு கெடியாது மாமு. வால்வு நீ தொறந்து வுட்டதுன்னு அன்னிக்கே தெரியும். உன் எடத்துல இருந்திருந்தா நானுங்கூட டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனா குடிச்சிருந்தேன்னு சொன்ன பாரு. எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். குடிக்கலன்றது. என் பொண்டாட்டி அதுக்குத்தான் என்ன கட்டிகினா. அத்தயும் பிடுங்கிகினியே."

"நான் இன்னா செய்யணும்? எழுதித் தரட்டா? கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"எழுத்து இன்னாத்துக்கு? எழுதி வெச்சிதான் என்ன வெளிய அனுப்பனாங்க. வாயால சொல்லு. எனக்கு வேணாம், என் பொண்ணுகிட்ட சொல்லு. நான் சொன்னா செல்லாது. ஆபரேட்டரு சொன்னாதான் செல்லும்." ரிசீவரிலிருந்து வாயை எடுத்துக் கூப்பிட்டான், "மித்ரா, இங்க வா. இந்த அங்கிள் இன்னாவோ சொல்லணுமாம்."

"ஹலோ, அங்கிள்?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுக் குழந்தைதான் என் நினைவில் இருந்தது. இது வளர்ந்த பெண்ணின் குரல். நன்றாகப் படிக்கிறாயா என்றேன். படிக்கிறேன் அங்கிள் என்றாள். என்ன குரூப் என்றேன். அங்கே மழையா என்றேன். அவள் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது கார்டில் இன்னும் ஒரு நிமிடம்தான் என்று இயந்திரப் பெண் குரல் குறுக்கிட்டது. மித்ரா, உங்க நைனா, என்று ஆரம்பித்து, உங்க நைனாவைப் பார்த்துக்கோ என்று முடித்தேன். லைன் அறுந்தது.

உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. லைன் அறுந்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அன்று கோயிலிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது இருந்த அதே லேசான மனசு. அதை அடையாளம் கண்டுகொண்டேன். மேசை டிராயரில் இன்னொரு கார்டு சுரண்டாமல் இருந்தது. டிராயரைத் திறக்காமல் தோட்டத்துக்குப் போய் ஈரத்துணிகளை எடுத்தேன்.

7

மெர்லினின் முதல் பாவசங்கீர்த்தனம் அந்த வாரம் முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாமியார் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். கூண்டு எல்லாம் இங்கே இல்லை. அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். பெற்றோருக்கு ஹாலில் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். காரில் போகும்போது கேட்டேன், "என்னம்மா சொன்னே?"

"ஒரு பொண்ணு மேல பொய்யாப் பழி போட்டேன்னு சொன்னேன்."

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். "எந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணும் இல்லை, மம்மி. டீச்சர் குடுத்த லிஸ்ட்ல இருந்துச்சு. எனக்கு எதுவும் இல்லைன்னு சொன்னா ஃபாதர் நம்பமாட்டாரே." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், "இப்ப அது ஒரு பொய் ஆயிடுச்சு இல்ல?" என்றாள். குரல் கம்மியிருந்தது. "டாடி, அதுக்கு மறுபடி போகணுமா?"

காரை நிறுத்திவிட்டு அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்றேன். கோயிலில் போய் நின்றதால்தானே உனக்கு ஒரு பொய் வந்தது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்குள் என்ன அழுக்கைப் பார்த்தார்கள் என்று கோபமாக வந்தது. என்னை நினைத்தால் அந்தக் கோபத்துக்கும் எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிராயரைத் திறந்தேன். கார்டைச் சுரண்டினேன். கௌதமன் டியூட்டிக்குப் போயிருந்தான், மித்ராதான் எடுத்தாள். இந்தத் தடவை படிப்பைக் கேட்கவில்லை, மழையைக் கேட்கவில்லை.

"மித்ரா, உங்க நைனா அன்னிக்கி குடிக்கல. அவரு குடிக்கவே மாட்டாரு. வால்வத் தொறந்து வுட்டுட்டுப் போனது நானு. அத்த மூடத்தான் அவரு உள்ள போனாரு. மத்த ஆறு பேரக் காப்பாத்தனது அவருதான். குடிச்சிருந்தாருன்னு ஆபீசருகிட்ட தலையாட்டனது நானு. பொய்."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ என்றேன்.

"இருக்கேன் அங்கிள்" என்றாள். "நைனா இதெல்லாம் அப்பவே எங்ககிட்ட சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே." அவள் குரல் உடைந்தது. "நாங்கதான் நம்பல. அம்மாவும் நம்பல, நானும் நம்பல. எல்லாக் குடிகாரனும் இப்படித்தான் சொல்லுவான்னு அம்மா சொன்னாங்க. நான் அவருகிட்ட ஒழுங்காப் பேசியே எத்தனையோ வருசம் ஆச்சு."

பிறகு அவள் அழுவது மட்டும் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் என்று இயந்திரப் பெண் சொன்னாள். அந்த நிமிடம் தீரும்வரை மித்ரா அழுதாள். லைன் அறுந்த பிறகும் நான் ரிசீவரைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.